ஆனைக்கற்றாழை: தண்டவாள வேலியிலிருந்து வீட்டு முற்றத்துக்கு

ஆனைக்கற்றாழை என்பது மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட, தடித்த மடல்களையுடைய பெரிய செடியாகும். இதன் தாவரவியல் பெயர் அகேவ் அமெரிக்கானா. தமிழகத்தின் வறண்ட பகுதிகளில் வேலிக்கும் நாருக்கும் பயன்பட்டு வந்த இச்செடி, இன்று வீடுகளின் முகப்பில் அழகுக்காக வளர்க்கப்படுகிறது.

வரலாறு

மெக்சிகோவின் பழங்குடியினர் கற்றாழை நாரால் கயிறும் துணியும் செய்தனர். பூக்கும் பருவத்தில் ஊறும் சாற்றிலிருந்து 'புல்கே' என்னும் பானம் தயாரித்தனர். கொலம்பசுக்குப் பின் ஐரோப்பியர் வழியாகச் செடி உலகெங்கும் பரவியது. 1753-இல் லின்னேயசு இதற்குத் தாவரவியல் பெயரிட்டார். 'அகேவ்' என்பது மேன்மை பொருந்தியது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை, 1856 சூலை 1 அன்று இராயபுரத்துக்கும் வாலாஜாபேட்டைக்கும் இடையே திறக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 100 கி.மீ. பின்னர் பாதைகள் நாடெங்கும் நீண்டபோது, ஆடுமாடுகள் தண்டவாளத்தில் ஏறாமல் தடுக்க மலிவான வேலி தேவைப்பட்டது. கற்றாழை இதற்குப் பொருத்தமாக அமைந்தது. அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. முள்ளுக்கு அஞ்சிக் கால்நடைகள் நெருங்குவதில்லை. பக்கக்கன்றுகளால் தானே பெருகும். இவ்வகைச் செடிகளுக்கு 'இரயில் கற்றாழை' என்ற பெயரும் தமிழில் வழங்குகிறது.

கிராமத்தார் மடல்களை நீரில் ஊறவைத்து நார் உரித்துக் கயிறு திரித்தனர். நைலான் கயிறும் கம்பி வேலியும் வந்தபின் இவ்விரு பயன்களும் குறைந்தன.

இனங்காணல்

கற்றாழை என்ற பொதுப்பெயரால் இதைச் சோற்றுக்கற்றாழையாக எண்ணுவது அடிக்கடி நேரும் பிழை. இரண்டும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை.

சோற்றுக்கற்றாழை மடலை ஒடித்தால் வழவழப்பான சோறு இருக்கும். நுனி கூர்மையாக இருந்தாலும் கடினமான முள் இராது. ஆனைக்கற்றாழை மடல் நார் நிறைந்தது. சாம்பல் கலந்த பச்சை நிறத்தில் 1 முதல் 2 மீட்டர் வரை நீளும். விளிம்பில் வளைந்த முட்களும், நுனியில் ஊசி போன்ற கரிய முள்ளும் உண்டு. மடலின் ஓரம் மஞ்சளாக உள்ள வகையே தோட்டங்களில் மிகுதி. நாருக்காகப் பயிரிடப்படும் சிசல் கற்றாழையின் முதிர்ந்த மடல்களில் விளிம்பு முட்கள் பெரும்பாலும் இரா.

ஆனைக்கற்றாழைச் சாற்றிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டு படிகங்கள் தோலில் எரிச்சலும் கொப்புளமும் உண்டாக்கும். சோற்றுக்கற்றாழை என்று எண்ணி இதை முகத்தில் பூசுவதோ உண்பதோ தீங்கானது.

வீட்டில் வளர்த்தல்

நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். நீர் தேங்கினால் வேர் அழுகும். கையளவுக் கன்று சில ஆண்டுகளில் 2 முதல் 3 மீட்டர் அகலம் பரவுவதால், நடைபாதையிலிருந்தும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்தும் தள்ளி நட வேண்டும். நுனிமுள்ளை மட்டும் நறுக்கிவிடலாம். கையுறையும் கண்ணாடியும் அணிந்தே வெட்ட வேண்டும்.

'நூற்றாண்டுச் செடி' எனப்பட்டாலும், பெரும்பாலும் 10 முதல் 30 ஆண்டுகளில் பூத்துவிடும். அப்போது 6 முதல் 9 மீட்டர் உயரப் பூந்தண்டு எழும். ஆதலால் மேலே மின்கம்பி இல்லாத இடமே ஏற்றது. ஒருமுறை பூத்ததும் தாய்ச்செடி பட்டுப்போகும். இது நோயன்று, அதன் இயல்பு. அடியில் முளைத்த பக்கக்கன்றுகளுள் ஒன்றைப் பெயர்த்து நட்டால் பரம்பரை தொடரும்.