அக்டோபர் 18: அடுத்தடுத்து இரண்டு வெள்ளிக்கிழமைகள்

1867, அக்டோபர் 18. அலாஸ்காவின் சிட்கா ஊர். பிற்பகல் மூன்றரை மணிக்கு, கவர்னர் மாளிகை நின்ற குன்றின்மேல் ரஷ்யச் சிப்பாய்களும் அமெரிக்கச் சிப்பாய்களும் அணிவகுத்திருந்தார்கள். பீரங்கிகள் முழங்க, ரஷ்யக் கொடியை இறக்கத் தொடங்கினார்கள்.

கொடி இறங்குவதாக இல்லை. கயிற்றில் சுற்றிக்கொண்டு, இழுத்த இழுப்பில் கிழிந்தது. ஆட்கள் கம்பத்தில் ஏறிப் பார்த்தும் பலனில்லை. கடைசியில் ஒருவரைக் கயிறு கட்டி மேலே தூக்கினார்கள். அவர் அவிழ்த்துப் போட்ட கொடி, கீழே நின்றவர்களின் துப்பாக்கிமுனைக் கத்திகள்மேல் போய் விழுந்தது! பிறகு ஒருவழியாக ரஷ்யாவின் பெஷ்சுரோவ் அலாஸ்காவை ஒப்படைக்க, அமெரிக்க ஜெனரல் ரூஸோ பெற்றுக்கொண்டார்.

கிரீமியப் போரில் அடிபட்டிருந்த ரஷ்யாவுக்கு இவ்வளவு தொலைவில் ஒரு நிலத்தைக் காப்பது பெரும்பாடு. கனடா பக்கமிருந்து பிரிட்டன் பிடுங்கிக்கொண்டால் ஒரு காசும் தேறாது. அதனால் விற்றுவிட முடிவு செய்தது. அந்த ஆண்டு மார்ச் 30 விடிகாலை 4 மணிக்கு, வாஷிங்டனில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் சீவர்டும் ரஷ்யத் தூதர் ஸ்டெக்லும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். விலை 72 லட்சம் டாலர். ஏக்கருக்குச் சுமார் இரண்டு சென்ட். அதற்கே 'சீவர்டின் முட்டாள்தனம்' என்று கேலி கிளம்பியது.

நாட்காட்டியும் அன்று கைமாறியது. ரஷ்யர்கள் பின்பற்றிய ஜூலியன் நாட்காட்டி அமெரிக்க நாட்காட்டியைவிட 12 நாள் பின்தங்கியிருந்தது. ஆனால் அவர்கள் சைபீரியா வழியாக வந்தவர்கள் என்பதால், கிழமையில் அமெரிக்காவைவிட ஒரு நாள் முந்தியிருந்தார்கள். விளைவு, சிட்காவில் அக்டோபர் 6 வெள்ளிக்கிழமை இரவு படுத்தவர்கள் மறுநாள் எழுந்தபோதும் வெள்ளிக்கிழமைதான். தேதி மட்டும் 18!

இந்தக் கொடுக்கல் வாங்கலில் மண்ணின் மக்களை யாரும் கேட்கவில்லை. சிட்காவின் டிலிங்கிட் மக்கள் 1802-ல் ரஷ்யக் கோட்டையையே அழித்தவர்கள். 1804-ல் ரஷ்யர்கள் போர்க்கப்பலோடு வந்துதான் ஊரை மீட்டார்கள். தனக்குச் சொந்தமில்லாத நிலத்தை ரஷ்யா எப்படி விற்கலாம் என்பது டிலிங்கிட்டுகளின் வாதம்.

அந்த வாதத்துக்கு வலு சேர்த்தது எண்ணெய். 1968-ல் அலாஸ்காவின் புரூடோ விரிகுடாவில் பெரும் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. குழாய் பதிக்க வேண்டுமானால் நிலத்துக்கு வில்லங்கம் இருக்கக்கூடாது. 1971-ல் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம், அலாஸ்காவின் பூர்வகுடிகளுக்குச் சுமார் 4.4 கோடி ஏக்கர் நிலமும் 96.25 கோடி டாலரும் அளித்தது. அக்டோபர் 18 இன்றும் அங்கே அரசு விடுமுறை. சிட்காவில் கொடி மாற்றத்தை நடித்துக் காட்டுகிறார்கள். டிலிங்கிட்டுகளில் பலர் அதைத் துக்க நாளாகவே கருதுகிறார்கள்.