மெனுவுக்கான பொருள்சார் குறியீடு

இணையதளத்தின் முதன்மை இணைப்புகளை, தோற்றத்தால் மட்டுமன்றிப் பொருளாலும் மெனு என்று உலாவிக்கு உணர்த்தும் எச்டிஎம்எல் முறை. 2014 அக்டோபரில் இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையான எச்டிஎம்எல்5 இதற்கென ‘நாவ்’ உறுப்பைத் தந்தது. அதனுள் இணைப்புகளைப் பட்டியலாக அடுக்குவது வழக்கம்.

திருச்செந்தூர் முருகன் கோயிலுக்கு ஒரு தளம் அமைப்பதாகக் கொள்வோம்: தல வரலாறு, பூசை நேரம், கந்த சஷ்டி, தங்கும் விடுதி. இவற்றை வெறும் ‘டிவ்’ பெட்டிகளில் இட்டால், மெனு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது பார்வையற்ற பக்தருக்குத் தெரியாது. ‘நாவ்’ இருந்தால் திரைவாசிப்பான் வழியே நேரே அங்கு தாவலாம். இணைப்புகள் பட்டியலாக இருந்தால் நான்கு உருப்படிகள் என்ற எண்ணிக்கையும் காதில் விழும். இப்போதுள்ள பக்கத்தை ‘ஏரியா-கரன்ட்’ பண்பு சொல்லும்.

எளிதில் மறந்துபோவது மொழிக்குறி. ஆங்கிலப் பக்கத்தில் ‘தமிழ்’ என்னும் இணைப்புக்கு ‘டிஏ’ என்று குறிக்காவிட்டால், திரைவாசிப்பானின் ஆங்கிலக் குரல் அச்சொல்லைச் சிதைத்துவிடலாம், விழுங்கியும்விடலாம்.