சித்திரக்கதை

'சித்திரக்கதை' என்ற தொடரில் தலைமைச் சொல் கதை; சித்திரம் அதற்கு அடை. இரண்டும் வடமொழி வழி வந்தவை. 'கதை'யின் வேர் சொல்லுதலைக் குறிக்கும். ஆகவே காமிக்ஸில் எழுதுபவரே முதல் கதைசொல்லி என்பேன். ஆனால் 1972இல் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த 'இரும்புக்கை மாயாவி' சித்திரக்கதையை ஜீசஸ் பிளாஸ்கோவின் ஓவியத்துக்காகவே கொண்டாடுகிறோம். அதன் மூலத்தை எழுதத் தொடங்கிய கென் புல்மரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

வசனமே இல்லாத கதைக்கு எழுத்தாளர் எதற்கு என்று கேட்கலாம். கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி அணையை நிறைப்பதைக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மேகம், பாறையில் வழியும் நீர், கரையில் நிற்கும் உழவரின் முகம்: எந்தக் கணம் கட்டத்துக்குள் வரும், எது இரு கட்டங்களின் இடைவெளியில் வாசகருக்கு விடப்படும்? அந்தத் தேர்வே சொல்லுதல். அதை ஓவியரே செய்தால் அவரே எழுத்தாளரும்.