தொடக்கக்கால அட்வென்டிஸ்டுகளின் சிந்தனையில் நியாயப்பிரமாணமும் ஓய்வுநாளும் பாவநிவிர்த்தியும்

ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகளின் முதல் தலைமுறையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சனிக்கிழமையிலிருந்தே தொடங்குகிறார்கள். அத்தலைமுறையிடம் காணப்பட்ட சட்டப்பற்று ஓய்வுநாள் ஆசரிப்பின் விளைவு என்பது பரவலான விளக்கம். இது போதாது. வட அமெரிக்காவில் ஏழாம் நாள் பாப்டிஸ்டுகள் 1671 முதலே சனிக்கிழமையை ஆசரித்து வந்தனர். இரட்சிப்பைப் பற்றிய அடிப்படைகளில் மற்ற பாப்டிஸ்டுகளிடமிருந்து அவர்கள் விலகிவிடவில்லை. அட்வென்டிஸ்டுகளைத் தனித்து நிறுத்தியது வேறொன்று: பாவநிவிர்த்தி எங்கே, எப்போது நிறைவேறுகிறது என்ற கேள்விக்கு அவர்கள் தந்த விடை. நியாயப்பிரமாணமும் ஓய்வுநாளும் அந்த விடையோடு பிணைந்த பிறகே அவர்களுடைய போதனைக்கு அதன் கடுமை வந்தது.

அந்த விடை ஓர் ஏமாற்றத்தில் பிறந்தது. நியூயார்க் மாநில விவசாயியும் பாப்டிஸ்ட் போதகருமான வில்லியம் மில்லர், தானியேல் 8:14இல் வரும் 2300 நாள்களை ஆண்டுகளாகக் கொண்டு, கி.மு. 457இலிருந்து எண்ணி, 1843-44 அளவில் கிறிஸ்து திரும்பி வருவார் என்று போதித்தார். சாமுவேல் ஸ்னோ இக்கணக்கை 1844 அக்டோபர் 22 என்று நாள்வரை இறுக்கினார். யூத நாட்காட்டியின் ஏழாம் மாதம் பத்தாம் நாள், அதாவது பாவநிவிர்த்தி நாள், அவ்வாண்டு அத்தேதியில் விழுந்தது என்பது அவருடைய கணிப்பு. அந்த நாள் எதுவும் நேராமல் கடந்துபோனது. இயக்கத்தினர் பெரும்பாலோர் கணக்கே தவறு என்று விட்டுவிட்டனர். ஒரு சிறு குழு கணக்கு சரி, நிகழ்ச்சிதான் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்றது. சுத்திகரிக்கப்பட வேண்டிய பரிசுத்த ஸ்தலம் பூமியன்று, பரலோகத்திலுள்ளது. பிரதான ஆசாரியராகிய கிறிஸ்து அன்று அங்கே மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைந்தார் என்பது ஹைரம் எட்சனைச் சுற்றியிருந்தோர் கண்ட விளக்கம்.

இதை வாதமாக வகுத்தவர் ஓ. ஆர். எல். குரோசியர். 1846 பிப்ரவரியில் ‘டே-ஸ்டார்’ இதழின் சிறப்பு வெளியீட்டில் வந்த அவருடைய கட்டுரை லேவியராகமத்தின் சடங்கு முறையை அடியாகக் கொண்டது. பலிமிருகத்தைக் கொன்றவன் பாவம் செய்தவன். ஆசாரியனின் வேலை அதன் பிறகே, இரத்தத்தோடு, தொடங்குகிறது. ஆகவே கொல்லுதல் வேறு, நிவிர்த்தி வேறு. எபிரெயர் 8:4இன்படி பூமியில் கிறிஸ்து ஆசாரியராக இருக்கவில்லை. எனவே கல்வாரியில் நடந்தது பலி மட்டுமே, நிவிர்த்தி பரலோகத்தில் செய்யப்படுவது. அதிலும் இரண்டு கட்டங்கள்: அன்றாட ஊழியத்தில் பாவம் மன்னிக்கப்படுகிறது, பாவநிவிர்த்தி நாளிலோ அது துடைத்தழிக்கப்படுகிறது. இறுதியில் பாவங்கள் போக்காட்டின் தலையில் ஏற்றப்படும். அந்தப் போக்காடு சாத்தான் என்றார் குரோசியர். எதிர்ப்பாளர்கள் இக்கடைசிக் கருத்தைப் பிடித்துக்கொண்டு சாத்தானையே மீட்பனாக்கிவிட்டார்கள் என்று சாடினர். அது நியாயமான குற்றச்சாட்டு அன்று. போக்காடு இரத்தம் சிந்துவதில்லை என்பது குரோசியருடைய வாதத்திலேயே அடங்கியிருந்தது. மன்னிப்புக்கும் துடைத்தழிப்புக்கும் நடுவே விடப்பட்ட இடைவெளிதான் உண்மையான சிக்கல். மன்னிக்கப்பட்டவனின் கணக்கு இன்னும் மூடப்படவில்லை என்றாயிற்று.

ஓய்வுநாள் வேறொரு வாய்க்கால் வழியாக வந்தது. நியூ ஹாம்ப்ஷயரின் வாஷிங்டன் ஊரில் ரேச்சல் ஓக்ஸ் என்ற ஏழாம் நாள் பாப்டிஸ்ட் பெண்மணியின் தூண்டுதலால் மெதடிஸ்ட் போதகர் ஃபிரெடெரிக் வீலர் 1844இல் சனிக்கிழமையை ஏற்றார். 1845இல் டி. எம். பிரெபிள் அதைப் பற்றி எழுதினார். அதை வாசித்த ஓய்வுபெற்ற கப்பல் தலைவர் ஜோசப் பேட்ஸ் 1846 ஆகஸ்டில் தம்முடைய சிறுநூலை வெளியிட்டார். (குரோசியரும் பிரெபிளும் பின்னாளில் ஓய்வுநாளைக் கைவிட்டார்கள், விதைத்தவர்கள் அறுவடைக்கு நிற்கவில்லை.) பேட்ஸின் 1847 ஜனவரிப் பதிப்பில்தான் இரு வாய்க்கால்களும் கலந்தன. வெளிப்படுத்தின விசேஷம் 11:19இல் பரலோக ஆலயம் திறக்கப்பட, உடன்படிக்கைப் பெட்டி தெரிகிறது. மகா பரிசுத்த ஸ்தலத்தில் இருப்பது அந்தப் பெட்டி. பெட்டிக்குள் இருப்பவை பத்துக் கட்டளைகள். அவற்றுள் நான்காவது ஓய்வுநாள். 1844இல் கதவு திறந்தது என்றால் அந்தக் கட்டளையும் அன்றே வெளிச்சத்துக்கு வந்தது. 1847 ஏப்ரலில், இக்குழுவினர் தீர்க்கதரிசினியாக ஏற்ற எலன் ஒயிட் தாம் கண்டதாகச் சொன்ன தரிசனத்தில் நான்காம் கட்டளையைச் சுற்றி ஒளிவட்டம் இருந்தது. பேட்ஸ் வசனங்களால் கட்டியதை அது காட்சியாக்கி உறுதிசெய்தது. பெரும்பாலான கிறிஸ்தவர்களுக்குப் படைப்பின் நினைவாகவும் இளைப்பாறுதலாகவும் இருந்த நாள், இவர்களிடம் கடைசிக்காலச் சோதனையாயிற்று. அதை ஆசரிப்பது தேவனுடைய முத்திரை. ஞாயிறு சட்டத்தால் திணிக்கப்படும்போது அதற்குப் பணிவது மிருகத்தின் முத்திரை.

நியாயப்பிரமாணம் சிலுவையில் ஒழிந்தது என்று ஞாயிறு ஆசரித்த அட்வென்டிஸ்டுகள் வாதிட்டபோது, இவர்கள் அதை இரண்டாகப் பிரித்துப் பதில் சொன்னார்கள்: கல்லில் எழுதப்பட்டுப் பெட்டிக்குள் வைக்கப்பட்ட ஒழுக்கச் சட்டம் நிலையானது; மோசே எழுதிப் பெட்டியின் பக்கத்தில் வைத்த சடங்குச் சட்டம் நீங்கியது. இப்பிரிவினை புதிதன்று, நியூ இங்கிலாந்து பியூரிட்டன்கள் 1640களின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை வழியே அறிந்திருந்ததுதான். இப்பிரிவினை எவ்வளவு வேலை செய்தது என்பதற்கு நெல்லைச் சீமை ஓர் எதிர்ச்சான்று தருகிறது. 1857இல் ஆங்கிலிக்கன் மிஷனைவிட்டுப் பிரிந்த அருமைநாயகம் சட்டாம்பிள்ளையின் சபை அட்வென்டிஸ்டுத் தொடர்பு ஏதுமின்றிச் சனிக்கிழமையை அடைந்தது. ஆனால் சட்டத்தை அப்படிப் பிரிக்காமல் யூதப் பண்டிகைகளையும் எடுத்துக்கொண்டது. அட்வென்டிஸ்டுகள் நாளை மட்டும் எடுத்தார்கள். அந்த நாள் எப்போது தொடங்குகிறது என்பதுகூட ஆராய்ச்சிக்கு உட்பட்டது: மாலை ஆறு மணி என்ற பேட்ஸின் கருத்து, 1855இல் ஜே. என். ஆண்ட்ரூஸின் ஆய்வுக்குப் பின் சூரிய அஸ்தமனம் என்று மாறியது.

பாவநிவிர்த்திக் கொள்கைக்கு முழு நூல் வடிவம் தந்தவர் ஜே. எச். வாகனர். சிலுவையிலேயே எல்லாருக்கும் நிவிர்த்தி முடிந்ததென்றால் எல்லாரும் இரட்சிக்கப்பட்டாக வேண்டும். தெரிந்துகொள்ளப்பட்டோருக்கு மட்டும் என்றால் கால்வினியம் வரும். பலியை எல்லாருக்கும் நிவிர்த்தியை விசுவாசிகளுக்கும் என்று பிரித்தால் இரண்டும் தவிர்க்கப்படும் என்பது அவர் வாதம். கூர்மையான வாதம்தான். 1872இல் யூரியா ஸ்மித் எழுதிய 25 கொள்கைகள் இதை மறைக்காமல் கூறின: நிவிர்த்தி சிலுவையில் செய்யப்படவில்லை, அது ஆசாரிய ஊழியத்தின் கடைசிப் பகுதி. இதனோடு 1857 முதல் புழக்கத்திலிருந்த விசாரணை நியாயத்தீர்ப்புப் போதனை சேர்ந்தது: 1844 முதல் பரலோகத்தில் ஒவ்வொருவர் பெயரும் எடுத்து ஆராயப்படுகிறது; அளவுகோல் பத்துக் கட்டளைகள். விசுவாசியின் நிலை அவன் சாகும்வரை தீராத வழக்கு. சட்டப்பற்றின் ஊற்று இங்கேதான் இருக்கிறது.

அக்கட்டமைப்பு முதலில் கலாத்தியர் நிருபத்தில் விரிசல் கண்டது. கிறிஸ்துவிடம் கொண்டுசெல்லும் உபாத்தியாகக் கலாத்தியர் 3:24 குறிப்பது ஒழுக்கச் சட்டத்தையே என்று வாகனர் 1854இல் எழுதினார். அப்படியானால் அதற்கு ‘நாம் கீழானவர்களல்ல’ என்றாகும், ஓய்வுநாள் ஆட்டங்காணும் என்ற அச்சத்தில் அவருடைய நூல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. சடங்குச் சட்டம் என்பதே சபையின் விளக்கமாயிற்று. முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மகன் இ. ஜே. வாகனர் தந்தையின் கருத்தைத் திரும்ப எடுத்தார். சபைத் தலைவர் ஜி. ஐ. பட்லர் 1886இல் மறுப்பு எழுதினார்; 1888இல் மின்னியாபோலிஸ் பொது மாநாட்டில் மோதல் வெடித்தது. மகனும் ஏ. டி. ஜோன்சும் சொன்னது எளிது: சட்டம் பாவத்தைக் காட்டும், நீதிமானாக்காது, நீதி கிறிஸ்துவிடமிருந்து விசுவாசத்தால் வருவது. எலன் ஒயிட் அவர்கள் பக்கம் நின்றார். ஓய்வுநாள் ஆட்டங்காணவில்லை, பட்லரின் அச்சம் வீண் என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

ஆனால் மின்னியாபோலிஸ் திருத்தியது சட்டத்தைப் பற்றிய போதனையை மட்டுமே. பாவநிவிர்த்தியின் இடம் பற்றிய பழைய வாசகம் அப்படியே நின்றது. சிலுவையில் நிறைவான நிவிர்த்திப் பலி நடந்தது, பரலோகத்தில் அதன் பலன்கள் வழங்கப்படுகின்றன என்று 1957இல் சபை வெளியிட்ட ‘கோட்பாடுகள் பற்றிய கேள்விகள்’ நூல் எழுதியபோது, அட்வென்டிஸ்டு இறையியலாளர் எம். எல். ஆண்ட்ரியாசன் முன்னோரின் போதனை விற்கப்பட்டுவிட்டது என்று எதிர்த்தார். வரலாற்றளவில் அவர் சொன்னது சரி: 1872இன் வாசகத்தோடு 1957இன் வாசகம் ஒட்டாது. 1980இல் டல்லஸ் மாநாடு ஏற்ற 27 அடிப்படை நம்பிக்கைகள், சிலுவையில் ஒரேதரம் செலுத்தப்பட்ட பலி என்ற தொடரையும் 1844இல் தொடங்கிய இரண்டாம் கட்ட ஊழியத்தையும் ஒரே கூற்றில் அடுத்தடுத்து வைத்தன.