தேயிலை மலையும் நுண்ணுயிர்களும்: ரிங்லெட்டிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் முதலில் எதிர்ப்படும் மலையூர் ரிங்லெட். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் அமைந்த இவ்வூரைச் சூழ்ந்த சரிவுகளில் தேயிலைச் செடிகள் வரிசை பிடித்து நிற்கின்றன. இச்சரிவுகளில் கொழுந்து பறித்தும் கவ்வாத்து வெட்டியும் வாழ்ந்தோர் தமிழர். அவர்கள் இங்கு எவ்வாறு வந்து சேர்ந்தனர் என்று மாணவரை வினவினால், ஆங்கிலேயர் ஆட்சி, கங்காணி முறை, தமிழகத்து வறட்சி, கப்பற்பயணம் என விடை கூறுவர். இவை யாவும் மெய்யே. ஆயினும் இவ்வரலாற்றில் கண்ணுக்குப் புலப்படாத மற்றொரு கூட்டமும் பங்கு கொண்டுள்ளது. அது நுண்ணுயிர்க் கூட்டம். அதன் பங்கு யாது, மனிதரின் பங்கு யாது என்பதைப் பிரித்தறிவதே இவ்வுரையில் நாம் மேற்கொண்ட முயற்சி.

தொடக்கம் மலாயாவில் இல்லை; இலங்கையில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் மலைநாடு முழுவதும் காப்பிப் பயிர் பரவியிருந்தது. காட்டை அழித்து, மலைக்கு மலை ஒரே செடியை நட்டிருந்தனர். 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் காப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி தென்பட்டது. பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் தலைவராயிருந்த துவைட்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்திலிருந்த பூஞ்சையியல் அறிஞர் பெர்க்லிக்கு அனுப்பினார். அவர் அதனைப் புதியதொரு பூஞ்சை எனக் கண்டு, ‘ஹெமிலெயா வாஸ்டாட்ரிக்ஸ்’ எனப் பெயரிட்டார். பெயரின் பிற்பகுதி ‘பாழ்படுத்துவது’ எனப் பொருள்படும். நாம் அதனை இலைத்துரு நோய் என்கிறோம்.

இந்நோயை ஆராயும்பொருட்டு 1880இல் மார்ஷல் வார்டு என்னும் இளம் அறிஞர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். பூஞ்சையின் வித்துகள் காற்றில் பரவுகின்றன, ஈரம் படிந்த இலையில் முளைக்கின்றன, இலைத்துளைகளின் வழியே உள்ளே நுழைகின்றன என்பதை அவர் ஈராண்டு உழைப்பில் நிறுவினார். அவர் கூறிய மற்றொரு கருத்து இன்னும் பெரிது. இடைவெளியின்றி ஒரே பயிரை நாடெங்கும் நட்டதே பூஞ்சைக்கு அத்தனை உணவையும் அத்தனை எளிய வழியையும் அமைத்துத் தந்தது என்றார் அவர். அதாவது, பூஞ்சை காட்டில் என்றும் இருந்திருக்கலாம். அதனைப் பேரழிவாக்கியது தோட்டத்தின் அமைப்பு. இவ்வுண்மை அறியப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. பூஞ்சை நோய்க்கு மருந்தாகத் துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த ‘போர்தோ கலவை’ பிரான்சில் வெளியிடப்பட்டது 1885இல்தான். அதற்குள் இலங்கைக் காப்பி வீழ்ந்துவிட்டது.

காப்பி இருந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் சிறு பரப்பில் பயிரிட்ட தேயிலை, நூற்றாண்டு முடிவதற்குள் மலைநாடு முழுவதையும் மூடியது. இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. காப்பி பருவப்பயிர். பழம் பறிக்கும் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோர், வேலை முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது; ஆண்டு முழுவதும் கை வேண்டுவது. ஆகவே தொழிலாளர் குடும்பத்தோடு லயங்களில் தங்கினர். பிள்ளைகள் அங்கேயே பிறந்தனர். வந்து சென்றோர் குடியிருப்போராயினர். ஓர் இலையின் அடியில் தோன்றிய செம்பொடிக்கும் மலையகத் தமிழ்ச் சமுதாயம் என்னும் ஒரு மக்கட்கூட்டத்தின் தோற்றத்துக்கும் இத்தகைய தொடர்பு உண்டு.

ஆயினும் இத்தொடர்பை ஓர் எல்லைக்கு மேல் இழுத்தல் தவறாகும். குறைந்த கூலியை விதித்தது பூஞ்சையன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அம்மக்களுள் மிகப்பலரை நாடற்றோராக்கியதும் பூஞ்சையன்று. நுண்ணுயிர் ஒரு சூழலை உண்டாக்கலாம். அச்சூழலில் தீர்மானம் செய்தோர் மனிதரே. இதனை மறந்தால் வரலாறு விதிக்கதையாகிவிடும்.

மலாயாவின் கதை இதற்கு மறுதலையானது. இலங்கையில் காப்பியை இழந்த தோட்டக்காரர் சிலர் இங்கு வந்து மீண்டும் காப்பியே நட்டனர். 1890களின் பிற்பகுதியில் காப்பி விலை வீழவே, ரப்பருக்கு மாறினர். ரப்பரின் தாயகம் பிரேசில். 1876இல் விக்காம் அங்கிருந்து கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன; அவற்றின் வழிவந்த 22 நாற்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. அவ்விதைகளோடு வாராத ஒன்றுதான் இந்நாட்டின் பொருளியலைத் தீர்மானித்தது. பிரேசிலில் ரப்பர் மரத்தின் இளந்தளிரை உண்டு மரத்தை மொட்டையாக்கும் இலைக்கருகல் பூஞ்சை ஒன்று உண்டு. அமேசான் காட்டில் மரங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்பதால் அதன் தீங்கு சிறிது. 1928இல் ஹென்றி போர்டின் நிறுவனம் அங்கு ‘போர்டுலாந்தியா’ என்னும் பெருந்தோட்டத்தை நிறுவி மரங்களை நெருக்கமாக நட்டபோது நோய் தோட்டமெங்கும் பரவியது. 1945இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. அப்பூஞ்சை கடலைத் தாண்டாமையால் மலாயாவில் ரப்பர் செழித்தது. இலங்கையில் ஒரு பூஞ்சை இருந்தமை தமிழரைத் தேயிலைக்கு அழைத்தது. மலாயாவில் ஒரு பூஞ்சை இல்லாமை அவர்களை ரப்பருக்கு அழைத்தது.

அழைத்துவரப்பட்டோர் இங்கு எதிர்கொண்டது மற்றொரு நுண்ணுயிரை. அது மலேரியா ஒட்டுண்ணி. 1880இல் லவெரான் அதனை மனிதக் குருதியில் கண்டார். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் அதனைக் கொசுவின் உடலில் கண்டார். 1901இல் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்புநிலத்தை வடித்தால் காய்ச்சல் குறைவதைக் கண்டார். ஆனால் குன்றுப்பகுதித் தோட்டங்களில் அம்முறை பலிக்கவில்லை. காரணம், அங்கு நோயைப் பரப்பிய கொசு வேறு இனம். நிழல் அடர்ந்த காட்டோடையில் அது பெருகாது. காடு வெட்டப்பட்டு, வெயில் படும் தெளிந்த நீரோடைகளிலும் ஊற்றுகளிலும் பெருகும். ரப்பருக்காகக் குன்றுகளை மொட்டையாக்கிய செயலே அதற்கு வீடு கட்டிக் கொடுத்தது. ஓடைகளில் எண்ணெய் தெளித்தும், நீரை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தியும் வாட்சன் அதனைக் கட்டுப்படுத்தினார். அதற்கு முன்னும் பின்னும் காய்ச்சலில் மாண்ட தமிழ்த் தொழிலாளர் ஆயிரமாயிரவர். அவர்கள் பெயர்களைச் சொல்லும் கல்வெட்டுகளை நாம் காண்பது அரிது.

இப்பின்னணியோடு ரிங்லெட்டுக்குத் திரும்புவோம். 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்பார் இப்பகுதியில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலைத் தொழில் பயின்ற மில்ன் என்பவர் அவருக்குத் துணைநின்றார். இலங்கையில் காப்பியின் வீழ்ச்சியால் வளர்ந்த தொழிலறிவு இவ்வாறு கேமரன் மலையை அடைந்தது. உடலுழைப்பைத் தமிழர் தந்தனர். தேயிலைக்குரிய பூஞ்சையும் பின்தொடர்ந்தது. கொப்புள நோய் எனப்படும் அது நெடுங்காலம் அஸ்ஸாம் முதலிய வடகிழக்குப் பகுதிகளில் மட்டும் அறியப்பட்டிருந்தது. 1946இல் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தோன்றி, அடுத்த சில ஆண்டுகளில் மலாயாவையும் இந்தோனேசியாவையும் எட்டியது. இளந்தளிரில் எண்ணெய்த்துளி போன்ற புள்ளி தோன்றும். பின்னர் அது கொப்புளமாகி, அடிப்புறம் வெண்மையாகும். முற்றிய இலையை அது தொடாது. நாம் பறிக்கும் கொழுந்தையே தாக்கும். மழையும் பனிமூட்டமும் அதற்கு உதவும். வெயில் அதன் வித்துகளைக் கொல்லும். ஆயினும் காப்பியின் கதை மீளவில்லை. இம்முறை நோயின் இயல்பு அறியப்பட்டிருந்தது. செம்பு கலந்த மருந்துகள் கையில் இருந்தன. அறுபது எழுபது ஆண்டுகளில் அறிவியல் ஈட்டிய வேறுபாடு இதுவே.

இதுவரை கூறியவற்றால் நுண்ணுயிர் என்றாலே பகை என்று மாணவர் கருதிவிடலாகாது. தேயிலைச் செடியின் வேரோடு பூஞ்சை இழைகள் கூடி வாழ்ந்து, மண்ணிலுள்ள சத்துகளை வேருக்குச் சேர்க்கின்றன. உதிர்ந்த இலையை மக்கச் செய்து மண்ணாக்குவன பூஞ்சைகளும் பாக்டீரியாக்களுமே. இலங்கைத் தோட்டங்களில் தேயிலைக்கு நிழலாக முள்முருங்கை இன மரங்களை நட்டனர். அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக மாற்றுகிறது. இவ்வாற்றலை 1886இல் ஹெல்ரீகல் எடுத்துக்காட்டினார்; 1888இல் பெயரிங்க் அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார்.

உணவிலும் அவ்வாறே. தொழிலாளர் வீடுகளில் இரவில் கரைத்துவைத்த உளுந்து அரிசி மாவைப் புளிக்கச் செய்து பொங்க வைப்பவை பாக்டீரியாக்கள். மலைக்குளிரில் அவற்றின் வேலை மெதுவாக நடக்கும். ஆதலால் மாவுப்பாத்திரத்தை அடுப்பருகே வைப்பது வழக்கம். இங்கு ஆசிரியர்கள் திருத்த வேண்டிய பிழையொன்றைச் சுட்டுவோம். தேயிலை ஆலையில் உருட்டிய இலையைப் பரப்பி நிறமேற விடுவதை ‘நொதித்தல்’ என்கிறோம். அதனை மாவு புளிப்பது போன்ற நுண்ணுயிர்ச் செயல் எனப் பலர் எண்ணுகின்றனர். அது அவ்வாறன்று. இலையிலேயே உள்ள நொதி, காற்றின் ஆக்சிஜனோடு கூடி நிகழ்த்தும் மாற்றம் அது. அவ்வேளையில் நுண்ணுயிர் பெருகினால் தேயிலை கெடும்; ஆகவேதான் ஆலைத்தளத்தைக் கழுவித் தூய்மையாக வைக்கின்றனர். நொதியால் நிகழ்வது என்னும் பொருளில் தமிழ்ச் சொல் பொருத்தமானதே; அதனை நாம் புரிந்துகொண்ட முறையே பிழை.

மண் நுண்ணுயிர் மனித உயிரைக் காத்த நிகழ்ச்சி ஒன்றும் இந்நாட்டிலேயே நடந்தது. புதர்மண்டிய நிலங்களில் சிற்றுண்ணிகளின் கடியால் பரவும் புதர்க்காய்ச்சல் தோட்டத் தொழிலாளரையும் படைவீரரையும் வாட்டியது. 1948இல் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில், அமெரிக்க மருத்துவர் ஸ்மாடெல் தலைமையில் வந்த குழுவினர், அக்கழகத்து ஆய்வாளருடன் சேர்ந்து குளோரம்பெனிகால் என்னும் புதுமருந்தை நோயாளிகளுக்குத் தந்தனர். காய்ச்சல் விரைவில் தணிந்தது. டைபாய்டு காய்ச்சலையும் அம்மருந்து தணிக்கும் என்பது அவ்வாய்வின்போதே வெளிப்பட்டது. அம்மருந்தின் மூலம் யாது? வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியா. எங்கோ ஒரு பிடி மண்ணில் வாழ்ந்த உயிர், மலாயாத் தொழிலாளியின் காய்ச்சலுக்கு மருந்தாயிற்று.

அத்தகைய மண்ணை நாம் எவ்வாறு காக்கிறோம் என்பதற்கு ரிங்லெட்டிலேயே சான்றுண்டு. சுல்தான் அபு பாக்கார் அணை 1963இல் கட்டி முடிக்கப்பட்டு, ரிங்லெட் ஏரி உருவாயிற்று. மேட்டுச்சரிவுகளில் காடும் செடியும் அகற்றப்பட்ட இடங்களிலிருந்து மழை அடித்துவரும் வண்டல் அவ்வேரியைத் தூர்த்து வருகிறது. அவ்வண்டலோடு கரைந்து செல்வது, இலையை உரமாக்கியும் வேருக்கு உணவூட்டியும் வாழ்ந்த உயிர்த்தொகுதியுமாகும். ஏரியைத் தூர்வாரலாம், சரிவு இழந்த மேல்மண்ணை அவ்வாறு விரைவில் மீட்க இயலாது.

மடுல்சீமைக் காப்பியும், போர்டுலாந்தியா ரப்பரும், வெயில் பட்ட குன்றோடையும், தூர்ந்துவரும் ரிங்லெட் ஏரியும் ஒரே பாடத்தையே நான்கு முறை உரைக்கின்றன. நுண்ணுயிர் தன் இயல்பில் வாழ்கிறது. அது நமக்கு நோயாவதும் துணையாவதும் பெரிதும் நாம் நிலத்தை ஆளும் முறையைப் பொறுத்தது. ஆசிரியர்கள் அறிவியல் வகுப்பில் நுண்ணுயிரைக் கற்பிக்கும்போது இவ்வரலாற்றையும், வரலாற்று வகுப்பில் தோட்டத் தமிழரைக் கற்பிக்கும்போது அவ்வறிவியலையும் உடன்சேர்க்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். தம் முன்னோர் எந்த மண்ணில், எந்நோயோடு போராடி, எவர் தீர்மானத்தால் வாழ்ந்தனர் என்பதை அறிந்த மாணவர், தம் காலத்து மண்ணைக் குறித்துத் தாமே தீர்மானிக்கத் தகுதி பெறுவர்.