பூச்சி பிடித்த பையன்

வீடியோ விளையாட்டு உருவாக்கும் கலையை எந்தக் கலாசாலையில் பயில்வது என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் விசாரிக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் துறையில் முன்னே நடந்தவர்களின் சரித்திரத்தைப் புரட்டினால், பலர் தலைவாசல் வழியாக உள்ளே போகவில்லை என்று தெரிகிறது. அவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஸடோஷி தஜிரி என்ற ஜப்பானியர். அவர் தொடங்கியது விளையாட்டைக்கூட அல்ல. ஒரு கையெழுத்துப் பத்திரிகையை!

தஜிரி 1965-இல் பிறந்தவர். டோக்கியோவின் ஓரத்தில், வயலும் குளமும் தோப்புமாக இருந்த மச்சிதாவில் வளர்ந்தார். பையனுக்குப் பூச்சி பிடிப்பதில் பைத்தியம். கூட்டாளிகள் 'பூச்சி டாக்டர்' என்று பட்டமே சூட்டிவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் மரப்பட்டையில் தேனைத் தடவி வண்டு பிடிப்பார்கள். இவனோ, வண்டுகள் பகலில் கல்லுக்கடியில் உறங்கும் என்பதைக் கவனித்து, மரத்தடியில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவான். காலையில் வந்து கல்லைப் புரட்டினால் வண்டு இருக்கும். எதிராளி என்ன செய்வான் என்று ஊகித்து அதற்கேற்பப் பொறி வைப்பது! பிற்காலத் தொழிலின் அரிச்சுவடியை அவன் அந்த மரத்தடியிலேயே படித்துவிட்டான்.

பிறகு நகரம் வந்தது. வயல் வீடாயிற்று, மீன் பிடித்த குளத்தின் இடத்தில் காசு போட்டு ஆடும் யந்திரக் கூடம் எழுந்தது. 1978-இல் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்து ஜப்பானையே பித்துப் பிடிக்க வைத்தது. பூச்சிகளை இழந்த பையன் அந்தக் கூடத்தில் புகுந்தான். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டான். பிள்ளை கெட்டுவிட்டானென்று பெற்றோர் கண்ணீர் விட்டார்கள். தகப்பனார் மின்சாரக் கம்பெனியில் வேலை பார்த்துக் கொடுத்தார்; பிள்ளை வேண்டாமென்று சொல்லிவிட்டான். எந்தத் தேசமானால் என்ன, தகப்பனார்கள் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்தாம்.

1983-இல் அவர் 'கேம் ஃப்ரீக்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார். 'விளையாட்டுப் பித்தன்' என்று பொருள் கொள்ளலாம். கையால் எழுதி, பிரதி எடுத்து, பின் அடித்து விற்றார். கடையில் அதைக் கண்ட கென் சுகிமோரி என்ற இளைஞர், படம் போடுகிறேனென்று வந்து சேர்ந்துகொண்டார்.

அதில் என்ன எழுதினார்கள்? ஆட்டங்களில் ஜெயிக்கும் உபாயங்களை. இது அற்ப விஷயமில்லை. உபாயம் எழுதுகிறவன் ஆட்டத்தை இழை இழையாகப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். எதிரி எந்தக் கணத்தில் வருகிறான்? எங்கே நெஞ்சு படபடக்கிறது? எங்கே கொட்டாவி வருகிறது? கதை எழுதுகிறவர்களுக்கும் இதே பாடந்தான். இன்று 'ஸ்கிராட்ச்', 'கோடோ' போன்ற கருவிகள் இனாமாகவே கிடைக்கின்றன. ஆனால் பிறர் செய்த ஆட்டம் ஏன் அலுக்கிறதென்று உட்கார்ந்து பத்து வரி எழுதும் பொறுமையை எந்தக் கருவியும் தருவதில்லை.

எழுதி எழுதி, வருகிற ஆட்டங்களில் பெரும்பாலானவை சுகமில்லை என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். சரி, நாமே செய்து பார்ப்போம்! தஜிரி நின்டெண்டோவின் 'ஃபேமிகாம்' யந்திரத்தைக் கழற்றிப் போட்டு அதன் சூட்சுமத்தைக் கற்றார். 1989-இல் பத்திரிகையின் பெயரிலேயே கம்பெனி பிறந்தது. அதே ஆண்டு அவர்களுடைய 'குவின்டி' ஆட்டத்தை நாம்கோ வெளியிட்டது.

அந்த ஆண்டுதான் 'கேம் பாய்' என்ற கையடக்க யந்திரமும் வந்தது. இரண்டு யந்திரங்களை ஒரு கம்பியால் இணைக்கலாம். இரண்டு பேர் மோதுவதற்குத்தான் அந்தக் கம்பி என்று உலகம் நினைத்தது. தஜிரியின் கண்ணுக்கோ அதன்மேல் ஒரு பூச்சி ஊர்ந்து போவது தெரிந்தது. உன்னிடம் உள்ளதை எனக்குக் கொடு, என்னுடையதை நீ எடுத்துக்கொள்! மச்சிதாவின் வண்டுகள் 'போகிமான்' ஆகிவிட்டன.

எண்ணம் உதித்தது ஒரு நொடியில். முடிக்க ஆறு வருஷம் பிடித்தது. பணம் வற்றியது. சிலர் விலகிப் போனார்கள். தஜிரி சம்பளம் வாங்காமல் தகப்பனார் சம்பாத்தியத்தில் காலம் தள்ளினார். ஆம், கண்ணீர் விட்ட அதே தகப்பனார்தான்.

1996 பிப்ரவரி 27-இல் ஆட்டம் கடைக்கு வந்தது. வேலையெல்லாம் முடிகிற தறுவாயில் 300 பைட் இடம் மிச்சமிருப்பதைப் பார்த்து, ஷிகேகி மோரிமோட்டோ என்ற சகா 'மியூ' என்ற ஒரு பிராணியைச் சத்தமில்லாமல் அதில் ஒளித்து வைத்தார். சில வாரங்களில் அதற்கும் ஒரு பத்திரிகை வந்து சேர்ந்தது. 'கோரோகோரோ காமிக்' என்ற சிறுவர் மாதப் பத்திரிகை, 20 வாசகர்களுக்கு அந்தப் பிராணியைப் பரிசளிப்பதாக அறிவித்தது. ஜப்பானியப் பிள்ளைகள் தபால் பெட்டியை நோக்கி ஓடினார்கள்.