ரத்தத்திலிருந்து ஆற்றுக்கு

1950களின் தொடக்கம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் எல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர். அங்குள்ள ஆன்டியாக் கல்லூரியைச் சேர்ந்த லேலண்ட் கிளார்க், உடலுக்கு வெளியே ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் இயந்திரம் ஒன்றைச் செய்திருந்தார். அதுபற்றிய கட்டுரையை இதழாசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார்: எவ்வளவு ஆக்சிஜன் ஏறியது என்று அளந்து காட்டவில்லையே? நியாயமான கேள்விதான். அளக்கத்தான் வழியில்லை.

பிளாட்டினம் கம்பிக்குச் சிறு மின்னழுத்தம் கொடுத்தால், அதைத் தொடும் ஆக்சிஜனின் அளவுக்கேற்ப மின்னோட்டம் பாயும் என்பது முன்பே தெரிந்த சங்கதி. ஆனால் ரத்தத்தில் வைத்ததும் அணுக்கள் கம்பியை அப்பிக்கொண்டன. முதலில் செலஃபேன் சுற்றிப் பார்த்தார். 1954-ல் திருப்பம் வந்தது: பிளாட்டினம், இன்னொரு மின்முனையான வெள்ளி இரண்டையும் உப்புக்கரைசலோடு சேர்த்து ஒரே பாலிஎத்திலீன் சவ்வுக்குப் பின்னால் அடைத்தார். அழுக்கு வெளியே நின்றது, ஆக்சிஜன் ஊடுருவியது. இந்தக் கதையில் என் ஓட்டு அந்த மலிவான பிளாஸ்டிக் தாளுக்கே.

ரத்தத்தை அளந்தது தண்ணீரையும் அளக்கும் அல்லவா? அதே ஊரின் எல்லோ ஸ்பிரிங்ஸ் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம் இந்தக் கிளார்க் மின்முனையைத் தயாரித்து விற்றது. ஆறு, ஏரி, கழிவுநீர் நிலையம் என்று கருவி இறங்கியது. அதுவரை கையிலிருந்தது, 1888-ல் புடாபெஸ்டின் லாயோஷ் விங்க்லர் தந்த முறை. குமிழி புகாமல் புட்டியில் நீரெடுத்து, மாங்கனீசும் அயோடைடும் சேர்த்து, நீலம் மறையும்வரை டைட்ரேஷன் செய்யவேண்டும். துல்லியமான முறைதான், கருவிகளைச் சரிபார்க்க இன்றும் உதவுகிறது. ஆனால் புட்டிக்குத் தெரிவது அது நிரம்பிய கணம் மட்டுமே.

அந்தக் கணம் பெரும்பாலும் பகலாக இருந்துவிடுகிறது. பாசி மண்டிய நீரில் வெயில் நேரத்தில் ஆக்சிஜன் ஏறும். இரவில் எல்லா உயிர்களும் அதைச் சுவாசித்துத் தீர்க்க, விடிவதற்குச் சற்றுமுன் அடிமட்டத்தைத் தொடும். சாக்கடை கலந்திருந்தால், கழிவைத் தின்னும் பாக்டீரியா அந்தப் பள்ளத்தை மேலும் ஆழமாக்கும். இறால் பண்ணைகளில் இரவெல்லாம் ஏரேட்டர் ஓடுவது இதற்காகத்தான். குளிக்க உகந்த நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜனாவது வேண்டும் என்பது நமது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். பிற்பகலில் தேறிய நீர் அதிகாலையில் தோற்கலாம். நீரிலேயே கிடந்து சில நிமிடங்களுக்கொருமுறை அளக்கும் சென்சாருக்குத்தான் அது தெரியும்.

கிளார்க் மின்முனைக்கு ஒரு வினோதக் குறை: தான் அளக்கும் ஆக்சிஜனைத் தானே தின்றுவிடும், ஆகவே அசையாத நீரில் குறைத்துக் காட்டும். இப்போது பரவலாகிவிட்ட ஒளிவகைச் சென்சாரில் அந்தத் தொல்லை இல்லை. நீல ஒளி பட்டுச் சிவப்பாக மின்னும் சாயம், ஆக்சிஜன் கூடக்கூடச் சீக்கிரம் அணையும். அந்த நேரத்தை வைத்துக் கணக்கு. ஆனால் இரண்டும் அளப்பது ஆக்சிஜனை மட்டுமே; ஆர்சனிக், குரோமியம் போன்ற நச்சுகளைக் காட்டிக்கொடுக்காது.

இரண்டுக்கும் பொது எதிரி பாசிப்படலம். சென்சாரின் முகத்தில் அது படிந்துவிட்டால், கருவி ஆற்றை விட்டுவிட்டு அந்தப் படலத்தின் சுவாசத்தை அளக்கத் தொடங்கிவிடும். அதைத் துடைக்கச் சிறு பிரஷ் சுழல்கிறது. பிரஷ்ஷும் தேயும். யாராவது படகில் போய்க் கழுவி, சரிபார்த்து வரவேண்டும். கருவி வாங்கும்போதே அந்த ஆளின் சம்பளத்தையும் ஒதுக்காவிட்டால், திரையில் எண்கள் வந்துகொண்டுதான் இருக்கும். ஆற்றின் எண்களாக இருக்காது.